மெரினாவா, உடைந்த பாலமா, நீலாங்கரையா? சென்னைக் கடலோர நடைக்கு எது சரி

சென்னையை விட்டு வெளியே போகாமல், கடலை ஒட்டி, காலையில் இரண்டு மணி நேரம் லேசாக நடக்க வேண்டும். எங்கே போகலாம் என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம்வரை மெரினா நடைபாதை. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலிலிருந்து அடையாற்று முகத்துவாரத்து உடைந்த பாலம். திருவான்மியூரிலிருந்து கொட்டிவாக்கம், பாலவாக்கம் வழியாக நீலாங்கரை.

எதற்குப் போவது என்று குழம்புகிறவர்கள் முதலில் கிலோமீட்டரைத்தான் பார்க்கிறார்கள். ஒருவழித் தூரம் மூன்றுக்குமே ஏறக்குறைய 2 முதல் 4 கி.மீ.க்குள் அடங்கிவிடுவதால், அந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. உண்மையில் ஆளைத் திணற வைப்பது வேறு இரண்டு விஷயங்கள்: காலுக்குக் கீழே என்ன தரை, பாதியில் முடியவில்லை என்றால் எந்தப் பக்கம் வெளியேறுவது.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

தரை. தார்ச்சாலையில் ஒரு மணி நேரத்தில் 5 கி.மீ. நடப்பவர், உலர்ந்த மணலில் 3 கி.மீ. தாண்டினாலே பெரிது. ஒரே வேகத்தில் நடந்தால் கெட்டித் தரையைவிட மணலில் 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். குதிகால் புதைகிறது, முன்னங்காலால் உந்தும்போது அந்த உந்துதலில் ஒரு பங்கு மணலைப் பின்னால் தள்ளுவதிலேயே போய்விடுகிறது. அதனால் மணலில் 4 கி.மீ. என்றால் மனதுக்குள் 8 என்று எழுதிக்கொள்வதுதான் நேர்மை.

வெளியேறும் வழி. நடுவில் குழந்தை அடம்பிடித்தாலோ, செருப்பு அறுந்தாலோ, வெயில் ஏறினாலோ ஆட்டோ கிடைக்கிற சாலைக்கு எவ்வளவு நேரத்தில் வரலாம்?

திரும்பி வருவது. ஒருவழி நடந்துவிட்டு ரயிலோ பேருந்தோ பிடிக்கலாமா, அல்லது வண்டி நிறுத்திய இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டுமா?

தண்ணீரும் கழிப்பறையும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வருகிறார்கள் என்றால் இதை முதலில் வையுங்கள்.

கடல். குளிக்கப் போகவில்லை என்றாலும், அலை எந்த அளவுக்கு நடைபாதையைத் தின்கிறது, ஆற்று வாய் இருக்கிறதா, படகு கரை ஏறும் இடமா என்பது முக்கியம்.

நிழலை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. மூன்றிலுமே கிடையாது. ஜூன் தொடக்கத்தில் 5:40 மணியை ஒட்டியும் ஜனவரி கடைசியில் 6:35 மணியை ஒட்டியும் சூரியன் எழுகிறது. அதற்கு அரை மணி முன்னால் இறங்கி, எட்டு மணிக்குள் முடிப்பது எல்லா வழிக்கும் பொருந்தும்.

## முதலில் மணலைப் படிக்க வேண்டும்

மெரினா நடைபாதையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் போகக்கூடாது.

கரையில் மூன்று பட்டைகள் உண்டு. மேலே உலர்ந்த, வெளுத்த மணல். அது கால் வலிக்கென்றே இருப்பது. கீழே அலை இப்போதுதான் வந்து போன, தண்ணீர் பளபளக்கும் ஓரம். அங்கே சில இடங்களில் பாதம் கணுக்கால்வரை இறங்கும். இரண்டுக்கும் நடுவே, கருத்து இருந்தாலும் பளபளக்காத ஈரப் பட்டை ஒன்று ஓடும். நடக்க வேண்டியது அதில்தான். சோதித்துப் பார்க்க ஒரு வழி: காலை அழுத்தி வையுங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணல் ஒரு கணம் வெளுத்து, பிறகு மறுபடி கருத்தால் அது இறுகிய மணல். வெளுக்காமல் குழைந்தால் இரண்டடி மேலே ஏறுங்கள்.

அந்தப் பட்டை எவ்வளவு அகலம் என்பதை ஓதம், அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவது, முடிவு செய்கிறது. சென்னையில் ஏற்ற இறக்கம் பெரிதில்லை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக்கூட ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் கரை சரிவாக இருக்கிற இடத்தில் அந்த ஒரு மீட்டர் போதும், நல்ல பட்டையை முழுவதும் விழுங்கிவிட்டு உங்களை உலர்ந்த மணலுக்கு விரட்ட. ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். போன ஞாயிறு காலை நன்றாக இருந்த இடம் இந்த ஞாயிறு அதே நேரத்தில் மோசமாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஓத அட்டவணை காட்டும் செயலிகள் இலவசமாகவே இருக்கின்றன. வற்றம், அதாவது நீர்மட்டம் மிகவும் தாழும் நேரம், எப்போது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்புவரை சிறந்தது.

இன்னொன்று சரிவு. தெற்கு நோக்கி நடந்தால் கடல் இடது பக்கம். இடது கால் எப்போதும் தாழ்வாகவும் வலது கால் மேடாகவும் விழும். இரண்டு கிலோமீட்டர் இப்படிப் போனால் இடுப்பும் முழங்காலின் வெளிப்பக்கமும் பேச ஆரம்பிக்கும். போன வழியே திரும்பி நடந்தால் சரிவு கால் மாறிவிடும். ஒருவழியாகவே நடப்பவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே சமமான மணலுக்கு ஏறி நூறடி நடந்துவிட்டு இறங்குவது நல்லது.

## மெரினா: உழைப்பாளர் சிலை முதல் கலங்கரை விளக்கம்

ஏறக்குறைய 3 கி.மீ., முழுக்கக் கெட்டித் தரை, 40 முதல் 45 நிமிடம். பாதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அதன் பலம்.

இந்த மூன்றில் ரயிலை நம்பி ஒருவழி நடக்கக்கூடியது இது மட்டுமே. பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் இறங்கினால் வாலாஜா சாலை வழியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் உழைப்பாளர் சிலை. அங்கிருந்து தெற்கே நடந்து முடித்த பிறகு, உள்ளே கால் மணி நேரம் நடந்தால் கலங்கரை விளக்கம் நிலையம். நடுவில் களைத்தால் திருவல்லிக்கேணி நிலையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்களுக்கு இடைவெளி அதிகம் என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு என்ன? கடல். நடைபாதைக்கும் அலைக்கும் நடுவே 300 மீட்டர் அளவுக்கு மணல், அதிலும் வரிசையாகக் கடைகள். நடைபாதையில் போகிறவர் பல இடங்களில் கடலையே பார்க்க முடியாது. காலை நனைக்க ஆசைப்பட்டால் போக வர 600 மீட்டர் உலர்ந்த மணல், அதாவது முழங்கால் வலிக்காக மெரினாவைத் தேர்ந்தெடுத்தவர் எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதுவே. இவ்வளவு மணல் சேர்ந்ததற்குக் காரணம் துறைமுகம். கரையோரமாக வடக்கே நகரும் மணலைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் மறித்தன. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளத்தில் ஒரு மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. முழங்கால் வலிக்காரர்களும் கடலை அருகில் பார்க்க அதையே பிடித்துக்கொள்ளலாம்.

நாள் பார்த்துப் போக வேண்டிய இடமும் இதுதான். காணும் பொங்கலன்று நடக்க இடமிருக்காது. ஜனவரி 26 அணிவகுப்புக்கும் அதற்கு முந்தைய ஒத்திகை நாட்களுக்கும் காலையில் காமராசர் சாலை மூடப்படும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் காந்தி சிலை, கலங்கரை விளக்கம் பக்கம் தடுப்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாலையில் காரில் வந்தால் வாகன நிறுத்தக் கட்டணத்தைவிட, உள்சாலையிலிருந்து வண்டியை வெளியே எடுக்கிற அரை மணி நேரம்தான் பெரிய செலவு. கடலில் குளிக்க இங்கே தடை இருக்கிறது. இழுவை பலமாக இருப்பதால் உயிர்கள் போனதன் விளைவு அது. முழங்கால் அளவுத் தண்ணீரிலும் அலை திரும்பும்போது காலடி மணல் பறிபோகும்.

## பெசன்ட் நகர்: மாதா கோயில் முதல் உடைந்த பாலம்

ஒருவழி 2 கி.மீ. அளவு. மாதா கோயிலிலிருந்து கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம்வரை சாலையோர நடைபாதை. மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் 1930-ல் இறந்த டென்மார்க் மாலுமியின் நினைவாக நிற்கும் வெள்ளை வளைவு அது. அதுவரை கடை, கழிப்பறை, ஆட்டோ எல்லாம் உண்டு. அங்கிருந்து வடக்கே ஊரூர் ஆல்காட் குப்பம், பிறகு ஆளில்லாத மணல், கடைசியில் ஆற்று வாய்.

ஆக, இது இரண்டு நடைகள் ஒட்டியது. முதல் பாதி யாருக்கும் ஏற்றது. இரண்டாம் பாதி அப்படியில்லை.

காலை ஆறு முதல் ஒன்பதுக்குள் குப்பத்துக் கரையில் ஃபைபர் படகுகள் வந்து ஏறும். அலையின் முதுகில் வேகமாக வந்து மணலில் மோதித்தான் அவை நிற்கும். நடுவில் திருப்பவோ நிறுத்தவோ முடியாது. படகு நேராக வருவதைப் பார்த்தால் பக்கவாட்டில் விலகுங்கள், படம் எடுக்க முன்னால் நிற்காதீர்கள். கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டாதீர்கள். இரண்டு முனையிலும் ஆட்கள் இழுக்கும் கயிறு சட்டென்று இடுப்பு உயரத்துக்கு விறைக்கும். காய்கிற வலையை மிதிப்பதும் படகின் மேல் உட்காருவதும் அவர்கள் பிழைப்பின் மேல் உட்காருவதுதான். சுற்றிப் போகும் இடத்தில் நைலான் துண்டு, தூண்டில் முள், உடைந்த பாட்டில் கிடக்கும். இங்கே வெறுங்கால் கூடாது.

பாலம் 1967-ல் கட்டப்பட்டு, 1977-ல் ஆற்று வெள்ளத்தின் வேகத்தில் ஒரு பகுதி போனது. எதிர்க்கரையில் பட்டினப்பாக்கம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிவதால் கடந்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. சாலை வழியாகத் திரு.வி.க. பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். கோடையில் மணல் திட்டு ஆற்று வாயை அடைத்துக்கொள்ளும், வடகிழக்கு மழை வந்ததும் உடைத்துக்கொள்ளும். அந்தத் திட்டின் விளிம்பில் நிற்பதுதான் இந்த நடையிலேயே ஆபத்தான காரியம். அடியில் ஓடும் தண்ணீர் அரித்துக்கொண்டே இருப்பதால், மேலே கெட்டியாகத் தெரியும் விளிம்பு மொத்தமாகச் சரியும். விளிம்பிலிருந்து ஐந்தடி தள்ளியே நில்லுங்கள். பாலத்தின் மேலும் விளிம்புக்குத் தடுப்பு கிடையாது, கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

விளக்கு இல்லை, ஆள் நடமாட்டம் குறைவு. சில நேரம் காவலர்கள் திருப்பி அனுப்புவார்கள்; வாதாடாமல் திரும்பிவிடலாம். தனியாகவோ, இருட்டிய பிறகோ இந்த இரண்டாம் பாதியைப் பரிந்துரைக்க மாட்டோம். மறைமுகச் செலவு என்று பார்த்தால் அதே வழியில் திரும்பி நடப்பது. நடுவில் வெளியேறக் குப்பம் ஒன்றுதான். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மாதா கோயில் திருவிழா நடக்கும்போது பெசன்ட் நகருக்குள் வண்டியில் நுழைவதே ஒரு வேலை.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் ஏன் போக வேண்டும்? குளிர்காலத்துக் காலையில் முகத்துவாரத்துச் சேற்றில் இரை தேடும் பறவைகளை மெரினாவிலும் நீலாங்கரையிலும் பார்க்க முடியாது. அதற்காகத்தான்.

## திருவான்மியூர் முதல் நீலாங்கரை

ஏறக்குறைய 4 கி.மீ., முழுக்க மணல், ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். கடலும் நீங்களும் மட்டும் என்று நடக்க நகரத்துக்குள் மிச்சமிருக்கும் நல்ல நீளம் இது. கடினமானதும் இதுதான். மேட்டில் ஏறுவது இறங்குவது எதுவும் இல்லாததால் பலரும் இதை எளிது என்று எடைபோட்டுவிடுகிறார்கள்.

சிக்கல் வெளியேறும் வழியில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கத்திலேயே ஓடுகிறது என்பது வரைபடத்தில் சரி. கரையில் நின்று பார்த்தால் தெரிவது வீடுகளின் மதில்கள்தான். சில சந்துகள் சாலைக்குப் போகும். சில தனியார் கேட்டில் முடியும். வெளியே வந்தாலும் சாலைக்கு இன்னும் அரை கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல். அதனால் இறங்குவதற்கு முன்பே கொட்டிவாக்கம் குப்பம், பாலவாக்கம் கடற்கரை, நீலாங்கரை குப்பம் ஆகிய மூன்று இடங்களைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் பொதுக் கழிப்பறையை நம்பாதீர்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும்.

திருவான்மியூர் ரயில் நிலையம் என்ற பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அது பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், டைடல் பூங்கா அருகில். கடலுக்கு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். ரயிலில் வந்து இறங்கி அதையும் நடந்தால் காலின் சக்தி மணலைத் தொடும் முன்பே குறைந்துவிடும். திருவான்மியூர் பேருந்து நிலையம்வரை வந்து ஆட்டோ பிடிப்பது மேல். திரும்பும்போது நீலாங்கரையில் சாலைக்கு ஏறினால் பேருந்து கிடைக்கும்.

திசையையும் யோசிக்க வேண்டும். கோடையில் கடற்காற்று நண்பகலுக்குப் பிறகு தென்கிழக்கிலிருந்து வரும். மாலை நடையானால் தெம்பு இருக்கும்போதே தெற்கே காற்றை எதிர்த்துப் போய், களைத்தபின் காற்று முதுகைத் தள்ள வடக்கே திரும்புங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வாடைக்காற்று. அப்போது நீலாங்கரையில் தொடங்கி வடக்கே போவது சரி. மழைக்குப் பிறகு வடிகால் நீர் மணலை அறுத்துக்கொண்டு குறுக்கே ஓடும். சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் தாண்ட முடியாவிட்டால் அந்த இடத்திலேயே சாலைக்கு ஏறிவிடுங்கள், ஷூவோடு இறங்க வேண்டாம்.

ஜனவரி முதல் மார்ச்வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஏராளமான ஆமைகள் இறந்து ஒதுங்கின. அந்த மாதங்களில் இறந்த ஆமையைப் பார்க்க நேரலாம் என்று குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். விடியும் முன் நடந்தால் டார்ச்சை அலையின் பக்கம் அடிக்கக் கூடாது: வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை திரும்பிப் போய்விடும், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊரும்.

## ஒரே பார்வையில்

| | மெரினா | உடைந்த பாலம் | நீலாங்கரை |
|---|---|---|---|
| ஒருவழித் தூரம் (ஏறக்குறைய) | 3 கி.மீ. | 2 கி.மீ. | 4 கி.மீ. |
| தரை | கெட்டி | பாதி நடைபாதை, பாதி மணல் | முழுக்க மணல் |
| நேரம் | 45 நிமிடம், ஒருவழி | ஒன்றரை மணி, போக வர | ஒன்றரை மணி, ஒருவழி |
| நடுவில் வெளியேற | எங்கு வேண்டுமானாலும் | முதல் பாதியில் எளிது, பிறகு ஊரூர் குப்பம் மட்டும் | மூன்று இடம், முன்பே குறிக்க வேண்டும் |
| கழிப்பறை | உண்டு | முதல் பாதியில் | நம்ப முடியாது |
| திரும்ப | ரயில் | நடந்துதான் | பேருந்து |
| பெரிய ஆபத்து | கடலில் இறங்குவது | ஆற்று வாய் விளிம்பு, தனிமை | களைப்பு, வெயில் |
| கடல் அருகில் | இல்லை | பாதி வழி | முழு வழி |

## யாருக்கு எது

வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள், இதய சிகிச்சை முடிந்து மருத்துவர் நடக்கச் சொன்னவர்கள், தள்ளுவண்டிக் குழந்தை: மெரினா. யோசிக்கவே வேண்டாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பெசன்ட் நகர், ஆனால் ஊரூர் குப்பத்தோடு திரும்பிவிடுங்கள். மீன் ஏலம் போடுவதைப் பார்ப்பதே அவர்களுக்குப் போதும். பாலம்வரை போவது நான்கு பெரியவர்கள் சேர்ந்து விடியற்காலையில் செய்ய வேண்டியது.

தினமும் தெருவில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர், அதில் சலிப்பு வந்தவர்: நீலாங்கரை. முதல் முறை பாலவாக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மலையேற்றத்துக்குப் பயிற்சி என்று இங்கே வருகிறவர்களும் உண்டு. கெண்டைக்கால் நன்றாக இறுகும், மறுக்கவில்லை. ஆனால் மலையில் முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். அதற்கு மணல் ஒன்றும் செய்யாது, மாடிப்படிதான் வழி.

## மணல் வழிக்குக் கிளம்புமுன்

தோல் செருப்பும், கட்டை விரலில் மட்டும் பிடிக்கும் ரப்பர் செருப்பும் வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் மணலை அள்ளி முதுகில் வீசும், அரை மணியில் விரலிடுக்கு புண்ணாகும். பின்பட்டை உள்ள சாண்டல் அல்லது பழைய ஓட்டக் காலணி போதும். வலை போட்ட ஷூவுக்குள் நுண்மணல் புகும் என்பதால் கெட்டியான காலுறை வேண்டும். நனைந்தால் காலுறையைக் கழற்றிவிட்டு நடப்பதுதான் தவறு, அப்போதுதான் கொப்புளம் வருகிறது. பையில் மாற்றுக் காலுறை ஒரு ஜோடி வையுங்கள்.

கரையில் நீலமாக, நூல் போல வால் நீண்டு ஏதாவது கிடந்தால் கையால் எடுக்காதீர்கள். செத்துக் கிடந்தாலும் கொட்டும். நாய்க் கூட்டம் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல் வேகத்தைக் குறைத்து நீரோரமாக விலகுங்கள். கடல் கொந்தளிப்பு, உயர் அலை எச்சரிக்கை இருக்கிற நாளில் இரண்டு மணல் வழிகளும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெரினா நடைபாதை அப்போதும் இருக்கும்.

நீலாங்கரை சுலபமாகிவிட்டவர்களுக்கு அடுத்த படி அங்கேயே இருக்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ஒரே கரை, ஏறக்குறைய 7 கி.மீ. ஆமைக் காலத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களை அழைத்துக்கொண்டு மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நடக்கும் வழியும் இதே. 1988-லிருந்து நடக்கிறார்கள். பகலில் நீங்களாகப் போனால் திருவான்மியூரில் சாலைக்கு ஏறி, காலுறை மாற்றி, தண்ணீர் நிரப்பிக்கொண்டு இறங்குங்கள். அங்கே வந்து சேரும்போது மணி ஏழரையைத் தாண்டியிருந்தால் மீதியை அடுத்த வாரத்துக்கு வைத்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.